ஹாட் டிஸ்க்கில் இருந்த அம்மாயி

எங்க வீட்டு லெப்டொப்பை ஆன் பண்ணிவிட்டு அடுப்பில் தண்ணி வைத்தால், பிளேன்டீ ஊற்றிக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வரும்போதுதான் அது பாஸ்வேர்ட் கேட்கும். பகிடிக்குச் சொல்லவில்லை. தம்பி ஒருநாள் போனில் டைமர் வைத்தே பார்த்தான். பாஸ்வேர்ட் கேட்க 4 நிமிஷம். உள்ளே போய் குரோம் திறக்க இன்னும் 5 நிமிஷம். அதற்குள் கரண்ட் போய்விட்டால் எல்லாம் முதலில் இருந்து.

2015 இல் அப்பா வாங்கினது. அப்போது அப்பாவுக்குக் கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை. மாதா மாதம் சீட்டுக் கட்டி, சீட்டு விழுந்த கையோடு 65,000 ரூபாவுக்கு வாங்கி, ராத்திரி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே கலஹாவுக்கு வந்தாங்க. எங்க லயத்துக்கு வந்த முதல் கொம்பியூட்டர் அதுதான். கோர் ஐ3, 4 ஜி.பி. ரெம், 500 ஜி.பி. ஹாட் டிஸ்க். அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் யாராவது கேட்டால் சொல்வதற்காகப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

பத்து வருஷத்தில் அது செய்யாத வேலை இல்லை. கோயில் திருவிழா நோட்டீஸ், மேல் லயத்து அண்ணன் வெளிநாடு போகிறதுக்கு சி.வி., யார் யாருடையதோ கல்யாண வீடியோ. 2020 இல் பேராதனைக்குத் தெரிவாகி, கெம்பஸைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஸூமில் படிக்கத் தொடங்கியதும் இதில்தான். சிக்னலுக்காகத் தேயிலை மலை ஏறி, மடியில் வைத்துக்கொண்டு, மழை வந்தால் கொழுந்துப் படங்கால் மூடிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது அதன் பெட்டரி ஏற்கெனவே செத்திருந்தது. கரண்ட் போன செக்கன்ட்டில் திரை கறுத்துவிடும். அப்படி எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

போன வருஷம் தம்பி ஏ.எல். முடித்துவிட்டு கண்டியில் ஒரு கொம்பியூட்டர் கோர்ஸில் சேர்ந்தான். முதல் நாளே திரும்பி வந்து, "அக்கா, இதத் தூக்கிட்டுப் போக வெக்கமா இருக்கு. அங்க அம்மிக்கல்லுன்னு சொல்றானுக" என்றான்.

புதுசு வாங்கலாமா என்று விசாரித்தேன். நான் ஏறின கடைகளில் உருப்படியான ஒன்று ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இல்லை. அம்மாவுக்கு அப்போது ஒரு நாள் பேர் 1,350 ரூபா. 2024 செப்டெம்பரில்தான் ஆயிரத்திலிருந்து அந்த அளவுக்கு வந்தது. 150,000 ஐ 1,350 ஆல் பிரித்தால் 111. அதாவது 111 நாள் முழுப் பேர், சாப்பிடாமல், ஈ.பி.எஃப். வெட்டாமல், அரைப் பேர் விழாமல். கணக்கை அத்தோடு மூடிவிட்டேன்.

ஒரு கடையில், மூடியைக்கூடத் திறந்து பார்க்காமல், "இத வீசிட்டு வேற பாருங்க" என்றார்கள். ஆகஸ்டில் பெரஹரா முடிந்த வாரம், டவுன் முழுக்க பலகைகளையும் தடுப்புகளையும் கழற்றிக்கொண்டிருந்த ஒரு நாளில், ஒபிஸில் கூட வேலை செய்கிற அக்கா சொன்ன இன்னொரு கடைக்கு நானும் தம்பியும் போனோம். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கம் இறங்கி, நடந்து, ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி. ஒரு மேசை, ஒரு டேபிள் ஃபேன், வயர் வயராகத் தொங்கும் சுவர். அங்கே இருந்த நானா லெப்டொப்பைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. "உக்காருங்க தங்கச்சி, இது முழிக்க நேரம் எடுக்கும் தானே" என்று சொல்லிவிட்டு மற்ற வேலையைப் பார்த்தார்.

அது முழித்ததும் டாஸ்க் மெனேஜரைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பினார். சி.பி.யு. 8 வீதம். ரெம் பாதிக்குச் சற்று மேலே. டிஸ்க் 100 வீதம், சிவப்பாக.

"பாருங்க. மூளை சும்மா இருக்கு. கைதான் ஓடி ஓடிக் களைச்சிருக்கு."

அதற்குப் பிறகு அவர் சொன்னதையும், நான் வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததையும் சேர்த்து எனக்கு விளங்கின விதத்தில் சொல்கிறேன்.

ஹாட் டிஸ்க்குக்குள்ளே உண்மையிலேயே ஒரு தட்டு சுற்றுகிறது. எங்களுடையது நிமிஷத்துக்கு 5,400 சுற்று. அதற்கு மேலே, தட்டைத் தொடாமல், சில நனோமீட்டர் உயரத்தில் ஒரு சின்னத் தலை பறந்துகொண்டே வாசிக்கிறது. ஒரு தலைமயிரின் தடிப்பு எண்பதாயிரம் நனோமீட்டர் அளவு என்றால் இந்த இடைவெளியை யோசித்துப் பாருங்கள். ஒரு ஃபைல் வேண்டுமென்றால் தலை அந்த வளையத்துக்கு நகர வேண்டும். பிறகு வேண்டிய இடம் சுற்றிக்கொண்டு கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 15 மில்லி செக்கன்ட் என்று வையுங்கள். கேட்க ஒன்றுமில்லாத நேரம்தான். ஆனால் அப்படிப் பார்த்தால் ஒரு செக்கன்ட்டுக்கு அறுபது, எழுபது இடத்துக்குத்தான் போய்வரலாம். வின்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கிறது. அவை தட்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். முழுத் தோட்டத்துக்கும் தபால் கொடுக்க ஒரே ஓர் ஆள். ஒரு தடவைக்கு ஒரு கடிதம்தான் கையில் எடுப்பார். மேல் லயத்துக்கு ஒன்று கொடுத்துவிட்டு ஒபிசுக்கு வந்து, அடுத்த கடிதத்தோடு கீழ் லயத்துக்கு இறங்க வேண்டும். அவர் சோம்பேறி இல்லை. நாள் முழுக்க நடந்துகொண்டுதான் இருக்கிறார்.

எஸ்.எஸ்.டி.யில் அந்த நடையே இல்லை. தட்டு இல்லை, தலை இல்லை, அசைகிற ஒன்றுமே இல்லை. சிப்பில் கோடிக்கணக்கான சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் மின்னேற்றத்தை அடைத்து வைத்து, அது எவ்வளவு என்று பார்த்து வாசிக்கிறார்கள். எந்த அறையென்றாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான், 0.1 மில்லி செக்கன்ட் அளவில். 1980 களில் ஜப்பானில் தோஷிபாவில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்த ஃப்ளாஷ் மெமரிதான் அடிப்படை. நம்ம பென் டிரைவிலும் போனிலும் இருக்கிற அதே சாமான்.

"256 ஜி.பி. ஒன்று 7,500 வரும்" என்றார் நானா. மனசுக்குள் பிரித்துப் பார்த்தேன். ஐந்தரைப் பேர். 111 எங்கே, ஐந்தரை எங்கே. தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் சரி என்று தலையாட்டினேன்.

அவர் உடனே கழற்றவில்லை. முதலில் ஒரு சின்ன புரோகிராமை ஓட்டி ஹாட் டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தார். நீலம் வர வேண்டிய இடத்தில் மஞ்சள் வந்தது. சில செக்டர்கள் வாசிக்க முடியாமல் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தமாம். காதைக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னார். இடைக்கிடை 'டிக்... டிக்...' என்று நகம் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நாங்கள் அதை மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். ஃபேனில் தூசி என்று நினைத்திருந்தோம்.

"இது போகப் போகுது. உள்ளுக்கு முக்கியமா ஏதும் இருக்கா?"

"இல்ல நானா. பழைய படம், பாட்டு, கெம்பஸ் நோட்ஸ். அவ்வளவுதான்."

இதை நான் யோசிக்காமல் சொன்னேன். அவர் புது எஸ்.எஸ்.டி. பெட்டியை எடுக்க அலுமாரியைத் திறந்தார். தம்பிதான் மெல்ல, "அக்கா, அம்மாயி பேசினது அதுலதானே இருக்கு" என்றான்.

என் கை கால் விறைத்துப்போனது. அவனைவிட ஆறு வயது மூத்தவள் நான். அந்தப் பேச்சை எடுத்ததே நான்.

2016 இல், ஓ.எல். படிக்கும்போது, வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு ஒப்படை. 'எனது குடும்ப வரலாறு.' அம்மாவின் அம்மாவை, எங்க அம்மாயியை, காம்பராவுக்கு முன்னால் உட்கார வைத்து அப்பாவின் நோக்கியா போனில் பதிந்தேன். 38 நிமிஷம். அதை லெப்டொப்புக்கு மாற்றினேன். போன் பிறகு பழுதாகிவிட்டது. அம்மாயி 2019 இல் போயிட்டாங்க. அதற்குப் பிறகு அந்த ஃபைலை நான் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. அழுகை வரும் என்று ஒரு பக்கம். எங்கே போகப்போகிறது, அங்கேதானே இருக்கிறது என்று இன்னொரு பக்கம். அங்கேதான் இருந்தது. நிமிஷத்துக்கு 5,400 தடவை சுற்றுகிற, டிக் டிக் என்று நகம் தட்டுகிற ஒரு தட்டில், ஒரே ஒரு பிரதியாக.

நானாவிடம் சொன்னேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு லெப்டொப்பை உடனே ஓஃப் பண்ணினார்.

"அப்ப இனி இத ஆன் பண்ண வேணாம். சாதாரணமா கொப்பி அடிக்கப் போனா, பழுதான இடத்திலயே நின்டு திரும்பத் திரும்ப இழுக்கும். அந்த இழுவையிலயே செத்துப்போகும். விட்டுட்டுப் போங்க. ராவைக்கு வேற மாதிரி எடுத்துப் பாக்கிறன். முழுசா வரும்னு சத்தியம் பண்ண மாட்டன்."

வேற மாதிரி என்றால் டிடி-ரெஸ்கியூ என்ற ஒரு லினக்ஸ் புரோகிராம். இலவசம்தான். அதன் புத்தி எனக்குப் பிடித்திருந்தது. முதல் சுற்றில் சுலபமாக வாசிக்க முடிந்ததை எல்லாம் எடுத்துக்கொள்ளும். முரண்டு பிடிக்கிற இடத்தில் நிற்காது. ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துவிட்டுத் தாண்டிப்போகும். எல்லாம் பத்திரமான பிறகுதான் திரும்பி வந்து, அந்தக் கஷ்டமான இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கும். கொழுந்து மலையில் அம்மா செய்கிற வேலை முறையும் கிட்டத்தட்ட இதுதான்.

பஸ்ஸில் திரும்பும்போது நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. கலஹா பஸ் பேராதனை கெம்பஸுக்கு நடுவால்தான் போகும். வழமையாக அந்த இடத்தில் நான் தம்பிக்கு ஏதாவது கட்டடத்தைக் காட்டிக் கதை சொல்வேன். அன்றைக்குக் கண்ணாடி ஓரமாக உட்கார்ந்து, அம்மாயியின் குரலை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை. சொன்ன விஷயங்கள் வந்தன, முகம் வந்தது, வெற்றிலை வாசம்கூட வந்தது. குரல் வரவில்லை. அம்மாவிடம் இதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பின்னேரம் போனோம். நானா தூங்கின மாதிரித் தெரியவில்லை.

"500 ஜி.பி.யில கொஞ்ச இடம்தான் வரல்ல. உங்கட ஃபைல் வந்திருக்கு. ஆனா நடுவுல மூணு இடத்தில ஓட்டை."

ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு செக்டர், 4 கே.பி. ஒரு போட்டோவுக்குக்கூடக் காணாத அளவு. ஆனால் பழைய நோக்கியாவின் ஏ.எம்.ஆர். பதிவு குரலை அவ்வளவு இறுக்கிச் சுருக்கி வைத்திருக்கும். ஒரு செக்கன்ட்டுக்கு 1.6 கே.பி. போதும் அதற்கு. அதனால் 4 கே.பி. என்பது ஏறக்குறைய இரண்டரை செக்கன்ட் பேச்சு. மூன்று ஓட்டை, ஏழரை செக்கன்ட். 38 நிமிஷத்தில் ஏழரை செக்கன்ட்.

முழு ஃபைலும் 3.6 எம்.பி.தான். பிறகு ஒருநாள் படித்தேன்: உலகத்தின் முதல் ஹாட் டிஸ்க், 1956 இல் ஐ.பி.எம். கொண்டுவந்தது, 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது, ஒரு டன்னுக்கு மேல் எடை. அவ்வளவு பெரிய மெஷினில் கொள்ளக்கூடியது 3.75 எம்.பி. எங்க அம்மாயி ஒரு ஆளுக்குச் சரியாக இருந்திருக்கும்.

எஸ்.எஸ்.டி. போடுகிற வேலையை நானா தம்பியிடமே விட்டார். "நீங்களே போடுங்க மகன். படிச்சிட்டா அடுத்த முறை எனக்குக் காசு தர வேண்டியதில்ல." கரண்ட் வயரைக் கழற்றி, பெட்டரியை எடுத்து, பின்மூடியில் ஒன்பது ஸ்க்ரூ. கழற்றின ஸ்க்ரூவை எந்த ஓட்டையில் இருந்து வந்ததோ அந்த ஒழுங்கில் ஒரு கடதாசியில் ஒட்டி வைக்கச் சொன்னார். நீளம் ஒன்றுக்கொன்று வித்தியாசம். ஹாட் டிஸ்க்கைப் பக்கவாட்டில் இழுத்துக் கழற்றி, அதன் தகரச் சட்டத்தை எடுத்து எஸ்.எஸ்.டி.க்கு மாட்டினான். இரண்டும் ஒரே அகலம், ஒரே சொக்கெட். எஸ்.எஸ்.டி. மட்டும் 7 மில்லிமீட்டர், பழையது 9.5. ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் விளிம்பு வைத்தான். கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பிஸ்கட் பக்கெட் எடைகூட இல்லை.

வின்டோஸ் 10 க்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்துகிறார்கள், இந்த வயசு கொம்பியூட்டர் வின்டோஸ் 11 க்குத் தகுதி இல்லை என்றும் நானா சொன்னார். அதனால் லினக்ஸ் மின்ட் போட்டோம். பவர் பட்டனை அழுத்தி, தம்பி டைமரைப் போட்டான். 24 செக்கன்ட். திரும்ப அணைத்து, திரும்பப் போட்டான். 23. அவன் சிரித்த சிரிப்பை நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. அதே மூளை, அதே திரை, 'ஈ' எழுத்து தேய்ந்த அதே கீபோர்ட். காத்துக்கொண்டிருந்த ஒரு பாகத்தை மட்டும்தான் மாற்றினோம்.

அன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு அம்மாயியைப் போட்டோம். அம்மா படங்கை மடித்துக்கொண்டிருந்தாங்க. முதலில் ஒரு சேவல் கூவுகிறது. பிறகு என்னுடைய பதினாறு வயதுக் குரல், பாடசாலைத் தமிழில், "பாட்டி, உங்கள் வாழ்க்கை வரலாற்றைக் கூறுங்கள்" என்கிறது. பிறகு அம்மாயி சிரிக்கிறாங்க. "என்னத்தடி சொல்லச் சொல்ற."

அம்மாவின் கை நின்றுவிட்டது. ஆனால் அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழுக்கக் கேட்டாங்க.

அம்மாயி அதிகமாகப் பேசியது அவங்க அக்காவைப் பற்றி. 1948 சட்டத்தோடு பிரஜாவுரிமை இல்லாமல் போனது, 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டது, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பிரித்தது, இதெல்லாம் நாங்கள் புத்தகத்தில் படித்த கணக்கு. அம்மாயி எண் எதுவும் சொல்லவில்லை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருந்த இரண்டு சகோதரிகளில் ஒருத்தியின் புருஷன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், மற்றவளின் புருஷன் இங்கே எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான். கண்டியில் இருந்த இந்திய ஹைகொமிஷன் ஒபிசுக்கு அக்காவுடன் அம்மாயியும் நாலு தடவை நடந்திருக்கிறாங்க. பாஸ்போர்ட் படம் எடுக்க அக்காவுக்குத் தன் சேலையைக் கொடுத்திருக்கிறாங்க. 1974 இல் அக்கா குடும்பம் புறப்பட்டது. தலைமன்னார் வரைக்கும் போய்க் கப்பல் ஏறுகிறவர்களைக் கொண்டுபோன அந்த ரயிலை மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்றே சொல்வார்கள். "கோச்சி நவுந்த பொறவும் அவ கைய விடல. நானும் விடல. ஸ்டேசன் மாஸ்டர்தான் வந்து பிரிச்சு விட்டாரு" என்று அம்மாயி சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, "அந்தச் சேலைய அவகிட்ட இருந்து வாங்க மறந்துட்டேன்" என்கிறாங்க.

முதல் ஓட்டை ஒரு இருமலில் விழுந்திருந்தது. இரண்டாவது, ஒரு கங்காணியைத் திட்டுகிற இடத்தில். என்ன வசவு என்று எங்களால் ஊகிக்க முடிந்தது. மூன்றாவது இங்கே: "அக்காவக் கொண்டுபோயி விட்டது..." கர்ர் என்று ஒரு சத்தம். பிறகு, "...அங்கயும் தேயிலதானாம். அதே குளிருதானாம். ரெண்டு கடுதாசி வந்துச்சு. பொறவு இல்ல."

"கோத்தகிரி" என்றாங்க அம்மா உடனே. "கோத்தகிரின்னுதான் சொல்லுவாங்க."

அடுத்த நாள் மாமாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். மாமா, "இல்ல புள்ள, கூடலூரு. எனக்கு நல்லா ஞாபகம்" என்றார். இரண்டும் நீலகிரியில்தான். இங்கிருந்து போனவர்களுக்காகவே தமிழ்நாட்டு அரசாங்கம் 1968 இல் தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கிய மாவட்டம் அது. இரண்டு பேரும் அவரவர் அம்மாவின் வாயால் கேட்டவர்கள். இரண்டு பேரும் உறுதியாக இருக்கிறார்கள். சரியான பதில் அந்த 4 கே.பி.யில் இருந்தது.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த ஒப்படையை நான் டைப் பண்ணியல்லவா கொடுத்தேன்? பழைய டிஸ்க்கில் இருந்து மீட்ட ஃபைல்களுக்குள் தேடினேன். கிடைத்தது. திறந்தால் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. பாமினி. 2016 இல் எங்கள் பாடசாலையில் யுனிகோட் யாருக்கும் தெரியாது, எல்லாரும் பாமினிதான். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் 'அம்மா' என்று அடித்த இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். புது எஸ்.எஸ்.டி.யில் பாமினி இல்லை. ஒரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்கினேன். ஏழு பக்கம். இந்தியாவுக்குப் போன பகுதியைத் தேடிப் பிடித்தேன்.

"எனது பாட்டியாரின் சகோதரி இந்தியாவுக்குச் சென்றார். அங்கு அவர் தனது குடும்பத்தினருடன் மகிழ்ச்சியாக வாழ்ந்து வருகின்றார்."

அவ்வளவுதான். ஊர் பெயர் இல்லை. கோச்சி இல்லை. கையைப் பிரித்த ஸ்டேசன் மாஸ்டர் இல்லை, சேலை இல்லை. கடிதம் நின்றுபோனது இல்லை. 'மகிழ்ச்சியாக' என்ற சொல்லை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை. அம்மாயி அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை. ஒப்படை என்றால் நல்லபடியாக முடிய வேண்டும் என்று நினைத்திருப்பேன். அம்மாயியின் பேச்சு எனக்கு அப்போது 'கொச்சை'. அதைத் திருத்தி, சுத்தமாக்கி, எழுத்துத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். இருபதுக்குப் பதினெட்டு கிடைத்தது. அம்மாயிக்கு வாசித்துக் காட்டினேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

ஹாட் டிஸ்க் தின்றது ஏழரை செக்கன்ட். மிச்ச 38 நிமிஷத்தையும் தின்றது நான்தான், அது நல்ல உடம்போடு சுற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே. இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

வேகத்தைப் பற்றி எழுதுவதற்காகத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன் என்பதால், வாசிக்கிற உங்களுக்குப் பிரயோசனமான இரண்டு மூன்று விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டு லெப்டொப் பத்து வருஷப் பழசு என்றால் வீசாதீர்கள். டாஸ்க் மெனேஜரில் டிஸ்க் 100 இல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றால், பழுது பெரும்பாலும் அந்த ஒரு பாகத்தில்தான். ஆனால் மாற்றக் கொடுப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு பின்னேரம் உட்கார்ந்து பாருங்கள். "முக்கியமா ஏதும் இருக்கா" என்று கேட்டால் யோசிக்காமல் இல்லை என்று சொல்லாதீர்கள்.

எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். ஹாட் டிஸ்க் கிழவி மாதிரி. முனகி, இருமி, நாள் சொல்லிவிட்டுப் போகும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சத்தமே காட்டாது. நேற்று வேலை செய்தது, இன்று இல்லை என்று ஆகிவிடும். அழித்த ஃபைலைத் திரும்ப எடுப்பதும் அதில் மிகக் கஷ்டம். அழித்த இடத்தை அதுவே பின்னால் துடைத்து வைத்துக்கொள்ளும். ஆகவே எது வேண்டுமோ அதற்கு மூன்று பிரதி: ஒன்று கொம்பியூட்டரில், ஒன்று வெளியே ஒரு டிஸ்க்கில், ஒன்று வேறு வீட்டில் அல்லது இணையத்தில். ஒரே பிரதியாக வைத்திருந்தால் என்ன ஆகும் என்று 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது பார்த்த சனம் நாங்கள். நூலகம் நிறுவனம் 2005 இலிருந்து நம்முடைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் குரல்களையும் இணையத்தில் சேர்த்துக்கொண்டிருப்பது சும்மா இல்லை. உங்கள் அம்மாயி, அப்பாயி பேச்சுக்கும் அங்கே இடம் இருக்கிறது.

எங்க அம்மாயி இப்போது நாலு இடத்தில் இருக்கிறாங்க. தம்பியின் லெப்டொப்பில், என் பென் டிரைவில், மாமாவின் போனில், கூகுள் டிரைவில். பழைய ஹாட் டிஸ்க்கை நானா ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தந்தார். அதைப் பீரோவில் வைத்திருக்கிறோம். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை.

நான் ஒப்படையைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை சொன்னது சொன்னபடி, "கடுதாசி", "பொறவு" எல்லாம் அப்படியே. வேலை முடிந்து வந்து ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக. இதுவரை 14 நிமிஷம் முடிந்திருக்கிறது. மூன்றாவது ஓட்டை 29 ஆவது நிமிஷத்தில் வரும். அந்த இடத்தில் 'கோத்தகிரி என்கிறார் அம்மா, கூடலூர் என்கிறார் மாமா' என்று இரண்டையும் எழுதி, நடுவில் இடம் விடப்போகிறேன். நீலகிரிப் பக்கம் இதை வாசிக்கிற யாராவது இருந்தால், 1974 இல் கலஹாவில் இருந்து வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி, இரவல் சேலையில் பாஸ்போர்ட் படம் எடுத்த ஒரு பாட்டியைப் பற்றி, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கேட்கும்போது போனில் பதிந்துகொள்ளுங்கள்.